பத்து மேடம்

கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் வேலை நடக்கிற இடத்தில் அதை ஒருத்தர் வாயிலும் கேட்க முடியாது. கம்பி கட்டுகிறவர் முதல் பெயின்ட் அடிக்கிறவர் வரை எல்லாருக்கும் அவள் பத்து மேடம்தான். "பத்து மேடம் வந்தாச்சு" என்று கீழே ஒரு குரல் கேட்டால் போதும், மாடியில் சாய்ந்துகொண்டு ஊர்க்கதை பேசியவன் மட்டக்கோலைத் தூக்கிக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வான்.

பெயர் வந்த கதை இதுதான். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. முதல் வேலை, ஒரு பல் டாக்டரின் வீடு. சமையல் மேடைக்குக் கல் வெட்ட அளவு கொடுத்தாள். கல் வந்தது, வைத்தார்கள், ஒரு விரற்கடை குறைந்தது. டேப்பின் முனையில் இருக்கிற வளையம் இழுபட்டு இழுபட்டுத் தொங்கிப்போயிருக்கிறது, இவள் கவனிக்கவில்லை. டாக்டரின் அத்தை அத்தனை பேர் முன்னாலும் அந்தச் சந்துக்குள் விரலை விட்டு, "பரவாயில்லையே, கரப்பான்பூச்சிக்கும் ஒரு ரூம் போட்டிருக்கியே!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். இவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அன்றைக்குப் பிடித்த பிடி. அதற்கப்புறம் எந்த டேப்பின் முனையையும் அவள் நம்பியதில்லை. முதல் பத்து சென்டிமீட்டரைச் சுவரோடு மேலே மடித்துவிட்டு, பத்து என்று போட்ட கோட்டை மூலையில் வைத்து ஒருவர் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கம் வருகிற அளவில் அவள் பத்தைக் கழித்துக்கொள்வாள். முனை பிய்ந்த டேப்பு வைத்திருக்கிற தச்சர்களும் இப்படி அளப்பதுண்டு. இவளோ அன்றைக்கு உறை பிரித்த புது டேப்பாலும் இப்படித்தான் அளப்பாள். அதோடு விட்டாளா? அளவைக் குறித்துக்கொண்ட பிறகு அந்தக் கோடிக்கு நடந்து போய், பிடித்திருப்பவரின் கட்டைவிரல் பத்தில்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. சிவப்புப் புள்ளி அடித்து அளக்கிற கருவி வந்தபோது, "புள்ளியை நம்பி வீடு கட்டச் சொல்றீங்களா? அது எங்கே போய் இடிச்சுதுன்னு யாருக்குத் தெரியும்?" என்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

சந்தேகம் வேலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவள் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பொறுமையான மனுஷர், கொஞ்சம் குசும்பும் உண்டு. "நான் தும்மினாக்கூட யாருக்கு ஜாடை காட்டறீங்கன்னு கேப்பா" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அது ஒன்றும் பெரிய பொய்யில்லை.

பத்து வருஷம் வீடுகளாகப் போட்டாள். அப்புறம் கடைகள். கடைகளில்தான் அவள் சந்தேகத்துக்கு உரம் விழுந்தது என்று சொல்ல வேண்டும். உள்ளே வந்தவர் சீக்கிரம் வெளியே போகக் கூடாது, அதுதான் அங்கே வேலை. பாலைக் கொண்டுபோய்க் கடைசி மூலையில் வை, கடிகாரத்தை எங்கேயும் மாட்டாதே, ஜன்னலை அடை, படியேறியவர் இறங்குவதற்குப் பாதிக் கடையைச் சுற்றட்டும். எல்லாம் இவள் கையால் போட்டவை. ஊரை ஏமாற்ற இத்தனை வழி தனக்கே தெரிந்திருக்கும்போது, ஊருக்கு எத்தனை வழி தெரிந்திருக்கும் என்று அவள் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

ஐம்பதைத் தாண்டியதும் முதியோர் இல்லங்கள் வரத் தொடங்கின. அங்கே எல்லாமே தலைகீழ். யாரும் வழி தவறக் கூடாது. நடைபாதை எங்கே சுற்றினாலும் கிளம்பின இடத்துக்கே கொண்டுவந்து விட வேண்டும். கழிப்பறைக் கதவு மட்டும் தனி நிறம். தரையில் கறுப்புப் பட்டை கூடாது, நினைவு தப்பியவர்கள் அதைப் பள்ளம் என்று நினைத்துத் தாண்டப் பார்ப்பார்கள். அவள் சுபாவத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை அது. வழுவழுப்பான தரை ஓடுகளைக் கண்டால் சந்தேகம், கூரான மூலையைக் கண்டால் சந்தேகம், கைப்பிடியைத் தன் முழு எடையும் போட்டுத் தொங்கிப் பார்த்தால்தான் திருப்தி. அவள் கட்டிய மூன்று இல்லங்களில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டவர்கள் மிகக் குறைவு. அந்த ஒரு விஷயத்தில் அவள் தன்னை மெச்சிக்கொள்வாள், அதுவும் மனதுக்குள்.

வீடு, கடை, இல்லம் எல்லாவற்றையும் அவளுக்குக் கட்டிக் கொடுத்தவர் ஒரே மேஸ்திரி. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் சுவர் மட்டம் பார்க்கிற சின்னக் கண்ணாடிக் குழாய், மட்டக்கண்ணாடி. சுவர் எழுப்புவதில் நத்தை, ஆனால் எழுப்பின சுவரை நூல் பிடித்தாலும் குறை சொல்ல முடியாது. டேப்பின் அந்தக் கோடியைப் பெரும்பாலும் அவர்தான் பிடிப்பார். அவள் நடந்து வருவதற்கு முன்பே கட்டைவிரலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டி, "பத்து, மேடம்" என்பார். அவளும் குனிந்து பார்த்துவிட்டு "ம்" என்பாள். அந்த ஆளை ஒரு நாளும் வாய்விட்டுப் பாராட்டியதில்லை. பாராட்டினால் ஏமாற்றத் துணிச்சல் வந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

நான்காவது இல்லத்தோடு ஓய்வு என்று முடிவு செய்திருந்தாள். இருபத்துநாலு அறை. ஒவ்வொன்றிலும் குளியலறை இரண்டு மீட்டர் இருபது அகலம். சக்கர நாற்காலி உள்ளே முழு வட்டம் திரும்ப வேண்டும், கூட ஒருவர் நின்று குளிப்பாட்டவும் இடம் வேண்டும். அதில் நாலு விரல் குறைந்தாலும் குளிக்கிறவர் மானம் கதவுக்கு வெளியே வந்துவிடும் என்பாள். இல்லத்தின் நிர்வாகி புதிதாக வந்தவர். இஸ்திரி கலையாத சட்டை, தங்கப் பட்டைக் கடிகாரம், எதைத் தொட்டாலும் உடனே கைக்குட்டை.

பூச்சு முடிந்து, ஓடு பதிக்கிறதுக்கு முந்தின நாள் நிர்வாகியோடு சுற்றிப் பார்க்கப் போனாள். மூலையில் தரை ஓடுகள் இருந்த பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். முப்பது சென்டிமீட்டர் ஓடுகள். மேஸ்திரி பக்கத்துத் தாழ்வாரத்தில் சாரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு அளந்து பார்ப்போமா?" என்று டேப்பை எடுத்தாள். பிடிக்க ஆள் இல்லை.

"குடுங்க மேடம், நான் பிடிக்கிறேன்" என்று நிர்வாகியே கை நீட்டினார். பெரிய மனுஷர் குனிந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். இவளுக்கு ஒரே கூச்சம்.

அளவு இரண்டு இருபது என்று வந்தது. பத்தைக் கழித்தாள். இரண்டு பத்து.

"அடப்பாவி!" என்றாள்.

ஆறு அறை அளந்தார்கள். ஆறிலும் இரண்டு பத்து. ஓடு இருந்த பெட்டியைப் பார்த்தாள், மூக்கில் வியர்த்துவிட்டது. இரண்டு பத்து என்றால் ஏழு ஓடு முழுசாக உட்கார்ந்துவிடும். ஒன்றைக்கூட வெட்ட வேண்டாம். கூலி மிச்சம், சேதாரம் மிச்சம். இருபத்திரண்டு வருஷமாக அவள் காத்திருந்த திருட்டு கடைசியில் அகப்பட்டுவிட்டது.

"எல்லாத்துலயும் கரெக்டா பத்து குறையுதே மேடம்" என்றார் நிர்வாகி, கையைத் துடைத்துக்கொண்டே.

"திருடினதையும் அளந்துதான் திருடியிருக்கான் சார்."

மேஸ்திரியைக் கூப்பிட்டாள். அவர் வந்து வாசற்படியிலேயே நின்றார். விஷயத்தைக் கேட்டதும் முகத்தில் ஈயாடவில்லை. சுவரைப் பார்த்தார், பூச்சைத் தடவினார்.

"இருக்காது மேடம். என் கையால நூல் கட்டினது. இன்னொரு தடவை அளங்க. நான் பிடிக்கிறேன்."

"நீ பிடிப்பே! உனக்கு வேண்டிய மாதிரி பிடிப்பே. சாரே பிடிச்சு அளந்தாச்சு, அவரைவிட நீ யோக்கியனா?"

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக 'நீங்க' போய் 'நீ' வந்தது. மேஸ்திரி அதைக் கேட்டார். சுவரைப் பற்றிச் சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, மட்டக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். மறுநாள் நிர்வாகி அவரையும் அவருடைய பதினெட்டு ஆட்களையும் கணக்குத் தீர்த்து அனுப்பினார். 'முதியோர் குளியலறையில் கை வைத்தவர்' என்ற பேர் இரண்டே நாளில் மற்ற வேலை இடங்களுக்கும் பரவிவிட்டது. ஒத்துக்கொண்டிருந்த இரண்டு வீட்டு வேலைகள் அவர் கையை விட்டுப் போயின.

வேறு ஆட்கள் வந்து, முதல் ஆறு அறைகளில் சுவரை இடித்துப் பத்து சென்டிமீட்டர் படுக்கை அறைப் பக்கம் தள்ளிக் கட்டினார்கள். ஓடு பதித்தபோது ஓரத்தில் வெட்டி வைத்த துண்டு அவள் எதிர்பார்த்ததைவிட அகலமாக இருந்தது. ஓடு பதிக்கிறவரை ஒரு பிடி பிடித்தாள். "முப்பதுன்னு சொல்லிட்டுச் சின்ன ஓடா இறக்கியிருக்கீங்களா?" ஒரு ஓடு எடுத்து அளந்தால் முப்பது முப்பதாகத்தான் இருந்தது. அப்படியும் பெட்டி நம்பரைக் குறித்துக்கொண்டாள்.

மூன்றாம் வாரம், அந்த ஆறில் முதலில் முடித்த மாதிரி அறைக்குக் கட்டில் வந்தது. இல்லத்தின் தலைமை நர்ஸ், படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் தூக்கி உட்கார்த்துகிற இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்து பார்த்தாள். மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிற பெண். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இயந்திரம் பாதி போய்ச் சிக்கிக்கொண்டது.

"என்ன மேடம் இது? நான் ஒருத்தரைத் தூக்கணும்னா முதல்ல சுவரைத் தூக்கணும் போல இருக்கே!"

"கட்டிலைப் பெரிசா அனுப்பிட்டாங்க" என்றாள் இவள் உடனே. அளந்தாள். கட்டில் சரியாக இருந்தது. "அப்ப ரூம்லதான் ஏதோ தில்லுமுல்லு. இந்தக் கோடியைப் பிடிம்மா."

வரைபடத்தில் அறை மூன்று நாற்பது. டேப்பில் மூன்று முப்பது வந்தது. கழித்தால் மூன்று இருபது. இருபது சென்டிமீட்டர் காணோம்! சுவரைத் தள்ளியது பத்துதான். இன்னொரு பத்து எங்கே போச்சு? புது ஆளும் கை வைத்துவிட்டானா? கோபம் தலைக்கேற, வழக்கம்போல அந்தக் கோடிக்கு நடந்தாள். குனிந்து பார்த்தாள்.

நர்ஸின் கட்டைவிரல் முனை வளையத்தின் மேல் இருந்தது.

"பத்துல பிடிக்க வேண்டாமா?"

"எந்தப் பத்து? முனையைப் பிடின்னா முனையைத்தானே பிடிப்பாங்க? எல்லாரும் இப்படித்தானே பிடிப்பாங்க?"

எல்லாரும் இப்படித்தானே பிடிப்பார்கள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரோரம் குனிந்து உட்கார்ந்த இஸ்திரிச் சட்டை, தங்கப் பட்டைக் கடிகாரம், கைக்குட்டை எல்லாம் கண் முன்னால் வந்தன. அன்றைக்கு ஆறு அறை அளந்தாள். ஆறு தடவையில் ஒரு தடவைகூட அந்தக் கோடிக்கு நடக்கவில்லை. பெரிய மனுஷர் பிடிக்கிறார், போய் விரலைப் பார்ப்பது மரியாதையா என்று இருந்துவிட்டாள். அவரும் முனையைத்தான் பிடித்திருக்கிறார், சரியாக இருந்த அளவிலிருந்து இவள் பத்தைக் கழித்திருக்கிறாள்.

"மேடம், உக்காருங்க, முகம் வெளுத்துப் போச்சு" என்றாள் நர்ஸ், தண்ணீர் கொண்டுவர ஓடினாள்.

அன்று மத்தியானம் வீட்டில் தட்டைத் தொடவில்லை. கணவர் கடையிலிருந்து சாப்பிட வந்தவர் கேட்டார், இவளும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"கட்டில் பெரிசா வந்துடுச்சுன்னு எழுதிட்டா போதும்" என்றாள் கடைசியில். "சின்னக் கட்டிலா மாத்திடுவாங்க. மிச்ச அறையை இடிக்க வேண்டாம்னு நானே சொல்லிடலாம். யாருக்கும் தெரியாது. கடைசி வேலை, முப்பது வருஷப் பேர்..."

"நர்ஸுக்குத் தெரியுமா?"

"அவளுக்கு என்ன புரிஞ்சிருக்கும்?"

கணவர் கை கழுவிக்கொண்டு வந்தார். இதுவரை அவர் கடுமையாகப் பேசி அவள் கேட்டதில்லை. "உன் பேரை நீ பார்த்துக்கிட்டே. அந்த மனுஷன் பேரை யார் பார்க்கிறது? கட்டில் மேல பழியைப் போட்டா அது வாய் பேசாது, சரி. அவனும் வாய் பேசாமத்தானே போனான்!"

அவளுக்கு அழுகை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சில் உள்நோக்கம் தேடினவள், இதிலும் தேடினாள், ஒன்றும் அகப்படவில்லை.

மேஸ்திரியின் வீட்டை அவள் பார்த்ததே இல்லை. விசாரித்துக்கொண்டு போனபோது, அவர் பக்கத்து வீட்டுக்காரரின் உடைந்த மதில் சுவரைச் சரிசெய்துகொண்டிருந்தார். தனியாளாகச் சிமென்ட் குழைத்து, தனியாளாகக் கல் தூக்கி. இவளைப் பார்த்தும் கொத்துக் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"மேஸ்திரி, தப்பு என்னோடது" என்று நின்றபடியே ஆரம்பித்தாள். டேப்பு, முனை, நர்ஸ், எல்லாவற்றையும் சொன்னாள். "உங்க சுவர் ரெண்டு இருபதுதான். ஒரு நூல்கூடக் குறையல. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் கேட்டுக்கொண்டே இரண்டு கல் வைத்தார்.

"சுவர் சரின்னு எனக்கு அன்னைக்கே தெரியும் மேடம். அவர் எங்கே பிடிச்சார்னு நான் பார்க்கல. பார்த்திருந்தா வாயைத் திறந்து சொல்லியிருப்பேன்." கரண்டியால் கலவையை வழித்தார். "இருபத்திரண்டு வருஷமா என் கட்டைவிரலைக் குனிஞ்சு குனிஞ்சு பார்த்தீங்க. ஒரு நாளும் நான் தப்பாப் பிடிச்சதில்ல. அவர் விரலை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கலாம் இல்ல?"

பதில் அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கசங்காத சட்டை போட்டவனைச் சந்தேகப்பட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சிமென்ட் படிந்த விரலைச் சந்தேகப்படக் கூச்சமே இல்லை.

"எல்லாருக்கும் எழுதறேன்" என்றாள். "நிர்வாகிக்கு, உங்களை வேண்டாம்னு சொன்ன அந்த ரெண்டு வீட்டுக்காரங்களுக்கு. என் கையெழுத்துப் போட்டு."

"எழுதுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார் மேஸ்திரி. அந்தக் குரலில் நம்பிக்கை இல்லை.

எழுதினாள். அளந்தது நான், தவறு என்னுடையது, மேஸ்திரியின் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று மூன்று வரி. நிர்வாகி அவளை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, "நான் தப்பாப் பிடிச்சேன்னு சொல்ல வர்றீங்களா?" என்று எகிறினார்.

"இல்ல சார். நீங்க ஊர்ல எல்லாரும் பிடிக்கிற மாதிரிதான் பிடிச்சீங்க. பத்துல பிடிங்கன்னு நான் சொல்லல. வந்து பார்க்கவும் இல்ல."

இடித்த ஆறு சுவருக்கான செலவு அவள் தலையில் விழுந்தது. திறப்பு விழாப் பலகையில் அவள் பெயர் இருக்காது என்றும் நிர்வாகி சொன்னார். அதுதான் சுருக்கென்று தைத்தது. சரி என்றாள். மேஸ்திரியைத் திரும்பக் கூப்பிட்டால்தான் மிச்ச வேலைக்கு நிற்பேன் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

நான்கு நாள் கழித்து மேஸ்திரி வந்தார். பதினெட்டுப் பேரில் பதினோரு பேர்தான் கூட வந்தார்கள், மற்றவர்கள் வேறு வேலை தேடிக்கொண்டுவிட்டார்கள். மாதிரி அறையில் தள்ளி வைத்த சுவரை இடித்து, பழைய இடத்தில் புதுச் சுவர் எழுப்பினார். பூச்சு காய்ந்ததும் அவளுக்குச் சொல்லி அனுப்பினார்.

அவள் போனபோது ஆட்கள் எல்லாரும் வாசலில் கூடி நின்றார்கள், நர்ஸும் எட்டிப் பார்த்தாள். அவள் பையிலிருந்து டேப்பை எடுத்து, முனையை வழக்கம்போல மேஸ்திரியிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை.

"இன்னைக்கு நீங்க பிடிங்க மேடம். நான் அளவு பார்க்கிறேன்."

வாசலில் யாரோ இருமினார்கள். அவள் டேப்பை அவர் கையில் கொடுத்தாள். மூட்டு வலிக்க, சுவரோரம் குனிந்து உட்கார்ந்தாள்.

"எங்கே பிடிக்கட்டும்?"

"உங்களுக்கு எங்கே பழக்கமோ அங்கேயே பிடிங்க."

முதல் பத்தை மடித்து, கோட்டை மூலையில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள். மேஸ்திரி எதிர்ச் சுவருக்குப் போய் டேப்பை இழுத்துப் பிடித்தார். "ரெண்டு முப்பது" என்றார். பத்துப் போனால் ரெண்டு இருபது. சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை. பென்சிலால் அந்த இடத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டு, நிதானமாக, அத்தனை பேர் பார்க்க, அவள் இருந்த மூலைக்கு நடந்து வந்தார். மூன்றே மூன்று எட்டு இருக்கும். அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. விரல் சரியான இடத்தில் இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தும் இன்னொரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

மேஸ்திரி குனிந்து பார்த்தார்.

அவள் கட்டைவிரலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். "பத்து, மேஸ்திரி" என்றாள்.

"ம்" என்றார் அவர். பிறகு அவள் எழுந்திருக்கக் கை கொடுத்தார். டேப்பைச் சுற்றிக்கொண்டே, "அடுத்த ரூமுக்குப் போகலாம், இன்னும் அஞ்சு இருக்கு" என்றார்.